தைலம் கோட்டை வாசலைத் தாண்டிய நாள்

சொறியாமல் கேளுங்கள், இது அரிப்பைப் பற்றிய கதை.

வெகு காலத்துக்கு முன்னால் மாங்கோட்டை என்றொரு நாட்டைத் தீரகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருடைய ஒரே மகள் வஞ்சிக்கொடிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதே வாரம் ராஜாவுக்குச் சிரங்கும் வந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவர் கை அசையக்கூடாது. நீர் தட்டுக்கு வெளியே சிந்தினால் கல்யாணம் நின்றுவிடும். ராஜாவோ செங்கோலால் முதுகு சொறிந்துகொண்டிருந்தார், பாவம்.

அரண்மனை வைத்தியர் கந்தப்பரிடம் நல்ல தைலம் இருந்தது. அது கோட்டை வாசலைத் தாண்டக்கூடாது என்பது பழைய சட்டம். ராஜாவுக்குப் பூசினார்கள், ஆறியது, பத்தாம் நாள் திரும்பி வந்தது.

ராஜாவுக்குத் துணி வெளுக்கும் மாடனுக்கும் சிரங்கு என்றார்கள். "அவனை உள்ளே விடாதீர்கள்" என்றார் ராஜா. பூசினார்கள், ஆறியது, பத்தாம் நாள் திரும்பி வந்தது.

சவரம் செய்யும் நாகனுக்கும் சிரங்கு என்றார்கள். அவரையும் உள்ளே விடவில்லை. பூசினார்கள், ஆறியது, பத்தாம் நாள் திரும்பி வந்தது.

பூக்கட்டும் செல்லாயிக்கும் அப்படியே. கடைசியில் ராஜா அழுக்கு வேட்டியும் காடாய் வளர்ந்த தாடியும் மாலையில்லாத கழுத்துமாக உட்கார்ந்து சொறிந்தார். நான் கேட்கிறேன், அந்த மூன்று பேருக்கும் அரிக்காதா? அரண்மனையில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தபோது, கந்தப்பர் தைலக் கிண்ணத்தோடு வந்து பூசாமலே நின்றார்.

"மகாராஜா, இந்தத் தடவை யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவரையும் வெளியே அனுப்பிவிடுவீர்களா?"

"இப்போதே."

கந்தப்பர் திரைப் பக்கம் திரும்பி, "வாம்மா" என்றார். முழங்கையைச் சொறிந்தபடி வஞ்சிக்கொடி வந்தாள்.

"கோட்டைக்கு வெளியே போய் செல்லாயி அக்கா பிள்ளைங்களோட அம்மானை ஆடினேன் அப்பா. அதுங்க அரிப்பு தாங்காம அழுதுதுங்க. நான்தான் தூக்கி வச்சுக்கிட்டேன்" என்றாள்.

ராஜா வாசலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பெற்ற பெண்ணை எந்த வாசலுக்கு வெளியே நிறுத்துவது?

"எல்லோருக்கும் கொடுத்தால் நமக்கு மிஞ்சுமா வைத்தியரே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எல்லோருக்கும் கொடுத்தால் நமக்குத் தேவையே படாது மகாராஜா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் காலையில் கோட்டைக்கு வெளியே அண்டா அண்டாவாகத் தைலம் காய்ந்தது. "வருகிறவர் யார் என்று கேட்கக்கூடாது, எங்கே அரிக்கிறது என்று மட்டும் கேளுங்கள்" என்று உத்தரவு போட்டார். மாடன் வந்தார், நாகன் வந்தார், செல்லாயி பிள்ளைகளோடு வந்தார், ஊரே வந்தது.

கல்யாணத்தன்று வெளுத்த வேட்டி, மழித்த முகம், கழுத்து நிறைய மல்லிகை. ராஜா தாரை வார்த்தார். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தவில்லை. கண்ணிலிருந்து சிந்தியது அந்த வழக்கத்தில் சேராது.

ஆகவே, கேட்டவர்களே, நாட்டின் கடைசி வீட்டுக்கும் மருந்து போய்ச் சேர்ந்தால்தான் அரண்மனையிலும் நோய் தீரும்.