கிடாவிடம் கேட்ட சம்மதம்

அந்தக் காலத்தில் ஆடு, மாடு, கோழி எல்லாம் வாய் திறந்து பேசும். அதனால் மனிதர்களுக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. எதை எடுப்பதானாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கோழியிடம் கேட்டுத்தான் முட்டை, பசுவிடம் கேட்டுத்தான் பால். சம்மதம் என்று சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். "இன்னிக்கு முடியாது, போ" என்றால் திரும்பிவிடுவார்கள். சில கோழிகள் வேண்டுமென்றே இழுத்தடிக்கும். வீட்டுக்காரி கூடையும் கையுமாக நின்று கெஞ்சுவாள். அது ஒரு கூத்து. ஆனாலும் அந்த வழக்கத்தை யாரும் மீறவில்லை.

உயிரை மட்டும் அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியாதா என்ன? அதனால் சாமிக்குக்கூடப் பொங்கலோடு சரி.

முதன்முதலில் கேட்டவள் விருமாயி. அவள் புருஷன் மொக்கச்சாமி காய்ச்சலில் விழுந்து, கண் திறக்காமல் கிடந்தான். வைத்தியர் கையை விரித்துவிட்டார். விருமாயி ஓடிப்போய் எல்லைச்சாமி முன்னால் விழுந்தாள்.

"பொங்கலுக்கெல்லாம் நீ மசியமாட்டேங்கிறியே சாமி! இந்த மனுஷன் எந்திரிச்சு உக்காந்தா, என் சுட்டியனையே உனக்குத் தர்றேன்" என்று சொல்லிவிட்டாள்.

சுட்டியன் அவளுடைய கிடா. நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி இருக்கும். தாயில்லாத குட்டியாக வந்ததை மடியில் போட்டு வளர்த்தவள் அவள்தான். சாமிக்குக் கொடுக்க அதைவிடப் பெரிதாக அவளிடம் வேறு ஒன்றும் இல்லை, பாவம்.

மொக்கச்சாமி எழுந்து உட்கார்ந்தான். கஞ்சி கேட்டான். உப்பு பத்தவில்லை என்று சண்டையும் பிடித்தான். ஊரே சாமியைக் கும்பிட்டது. கும்பிட்டு முடித்ததும் விருமாயியைத் திரும்பிப் பார்த்தது.

விருமாயி ஆடு அடைக்கும் கொட்டத்துக்குப் போனாள்.

"சுட்டியா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு ஆத்தா."

கேட்டாள். கிடா வாயிலிருந்த அகத்திக்கீரையைக் கீழே போட்டது.

"நான் மாட்டேன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம். கேக்குறதுன்னா அதானே."

"அப்ப மாட்டேன்."

"சாமிக்கு நேர்ந்துட்டேன்டா!"

"நேர்ந்தது நீ. கழுத்து என்னுது."

உண்மையைச் சொன்னால், விருமாயிக்குப் பாதி நிம்மதியாகக்கூட இருந்தது. கீரையை எடுத்துத் திரும்பக் கிடாவின் வாயில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஊர்ப் பெரியவரான அம்பலக்காரரே கிளம்பி வந்தார். கிடாவின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"உனக்கு மாலை போடுவோம்டா. கொட்டு அடிச்சுக் கூட்டிட்டுப் போவோம். சாமி காலடியில போய்ச் சேர்றதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணும்."

"அப்ப நீங்களே போயிட்டு வாங்கய்யா. மாலை உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கும்" என்றது சுட்டியன்.

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அம்பலக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆட்டுக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே பேச்சு.

இதற்குள் தை மாதப் பனியில் மொக்கச்சாமிக்கு இருமல் பிடித்தது. பனி பெய்தால் எல்லாரும்தான் இருமுவார்கள். ஆனால் ஊர் அப்படிச் சொல்லவில்லை. சாமி கோபத்தில் இருக்கிறது, கொடுத்த உயிரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றது. புருஷன் இருமுகிறபோதெல்லாம் விருமாயி கொட்டத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அழுதாள்.

பூசாரி சின்னவீரன்தான் ஒரு வழி சொன்னான்.

"வாய் ஆயிரம் சொல்லும். சாமி வாயைக் கேக்காது, உடம்பைத்தான் கேக்கும். கோயில்ல வச்சுக் கேப்போம். உடம்பு வேண்டாம்னா விட்டுருவோம்."

விருமாயி இதைச் சுட்டியனிடம் பாதிதான் சொன்னாள். "கோயில்ல வச்சு இன்னொரு தடவை கேக்கப்போறாங்களாம்டா."

"கேக்கத்தானே போறாங்க? வா, மாட்டேன்னு சொல்லிட்டு வந்துருவோம்" என்றது கிடா. கயிறுகூட இல்லாமல் அவள் பின்னாலேயே நடந்து போனது.

விடிகாலைப் பனி இன்னும் விலகவில்லை. ஊரே வட்டமாக நின்றது. சின்னவீரன் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையில் கவிழ்த்தான்.

"சம்மதமா?" என்று உரக்கக் கேட்டான்.

சுட்டியன் பதில் சொல்ல வாயைத் திறந்தது. தண்ணீர் வாயிலும் மூக்கிலும் இறங்கியது. குளிர் தாங்காமல் தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறியது.

"சிலுப்பிருச்சு! சம்மதம் குடுத்துருச்சு!" என்று சின்னவீரன் கத்தினான். கொட்டு அதிர்ந்தது.

"ஆத்தா! குளிருதுன்னு உதறினேன் ஆத்தா! நான் மாட்டேன்னு இவங்ககிட்டச் சொல்லு!"

கொட்டுச் சத்தத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் நின்ற விருமாயிக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டது. கிடா அவளுடையது. அவள் கையை உயர்த்தி, "நிறுத்துங்க, அது மாட்டேங்குது" என்று சொன்னால் கொட்டு நின்றுவிடும். எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து மொக்கச்சாமி இருமினான்.

விருமாயி வாயில் கையை வைத்துக் குலவை போட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் போட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குமேல் சுட்டியன் என்ன சொன்னது என்று அவளுக்கும் கேட்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, கறி ருசியாகத்தான் இருந்தது. விருமாயி மட்டும் சாப்பிடவில்லை. மாசி பிறந்ததும் பனி போனது, மொக்கச்சாமியின் இருமலும் போனது. சாமி மனம் குளிர்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

கிடா வெட்டிய மறுநாள் காலையிலேயே விருமாயி கொட்டத்துக்குப் போய் மிச்ச ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒன்றும் பதில் சொல்லவில்லை. "திட்டவாவது திட்டுங்கடி" என்று கெஞ்சினாள். கிழட்டு ஆடு ஒன்று அவளை நிமிர்ந்து பார்த்து "மே" என்றது. செய்தி பரவி, மாடும் கோழியும்கூடப் பேச்சை விட்டுவிட்டன. பேசி என்ன ஆகப்போகிறது?

அன்று முதல்தான் கோயிலில் கிடாவின் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஊர் காத்து நிற்கிறது. கிடா சிலுப்பினால் சம்மதம். சிலுப்பாவிட்டால் மறுபடியும் தெளிக்கிறார்கள். அப்போதும் சிலுப்பாவிட்டால் காதுக்குள் விடுகிறார்கள். மாட்டேன் என்பதற்குக் கிடா என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை.