ஐம்பது மில்லிவோல்ட்

ஆய்வகக் கதவை ஏறக்குறைய உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார் இரத்தினசபாபதி. மின்வாரிய வேலையை உதறிவிட்டு, ஐம்பத்து நான்காம் வயதில் ஆராய்ச்சி மாணவரானவர். அவருடைய வழிகாட்டி பூங்கோதைக்கு முப்பத்தைந்து வயது.

“மேடம், முடித்துவிட்டேன்! உள்ளே 3.35 வோல்ட், வெளியே 3.3. இடைவெளி ஐம்பதே மில்லிவோல்ட். டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடவே இல்லை!”

காது கேட்கும் கருவிக்கான மின்னழுத்தச் சீராக்கி அது; உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் வெளியே 3.3 அசையாமல் நிற்க வேண்டும். அதன் வரைபடம் ஐந்து மணிக்குள் சிப் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தவறினால் அடுத்த வாய்ப்பு எட்டு மாதம் கழித்துத்தான். அப்போது மணி நாலே முக்கால்.

“எதை வைத்துச் சோதித்தீர்கள் சார்?”

“இந்த பவர் சப்ளையை வைத்து. மூன்று நாளாக முள் அசையவில்லை.”

“அசையாத ஒன்றைக் கொடுத்து, அசையாத ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு கம்பித் துண்டு போதுமே.”

அவர் முகம் சிவந்தது. பூங்கோதை மல்டிமீட்டரைப் பார்த்தாள். 3.29. பவர் சப்ளையின் குமிழை இம்மியளவு இறக்கினாள். 3.27. ஏற்றினாள். 3.29. ஆட்டினாள். எண்களும் கூடவே ஆடின.

“ஐயோ!” என்றார் அவர்.

“டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் கேட் முனையில் எவ்வளவு வோல்ட்?”

அளந்தார். “சுழியம். முழுக்கத் திறந்திருக்கிறது.”

“இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள்.”

“திறக்க இனி என்ன இருக்கிறது? இது இப்போது வெறும் மின்தடை.”

அவள் உள்ளீட்டை 3.6க்கு ஏற்றினாள். மீட்டர் 3.30 காட்டியது. டிரான்சிஸ்டர் மெல்லச் சூடேறியது. “இப்போது நீங்கள் ஆட்டுங்கள்.”

ஆட்டினார். 3.30. முரட்டுத்தனமாக ஆட்டினார். 3.30. கேட்டின் மின்னழுத்தம் மட்டும் அவர் விரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

“பிடித்துக்கொண்டது மேடம்! என்னை மதிக்கவே மாட்டேன் என்கிறது!” சிறுபிள்ளைபோலக் கூவினார். பிறகு குரல் தாழ்ந்தது. “அப்படியானால் நான் மூன்று மாதமாக வீண் என்று வெட்டிக்கொண்டே வந்த அந்த இடைவெளிதான் இது ஆட்டத்தைத் தாங்குகிற இடமா?”

அவள் தலையசைத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“ஐந்துக்கு மூன்று நிமிடம்! இடைவெளியின் அளவை மாற்றிச் சரிபார்க்க நாற்பது நிமிடம் ஆகும். எட்டு மாதம் போயிற்று மேடம்!”

“உட்கார்ந்து மாற்றுங்கள் சார்.”

“ஐந்து மணி?”

“ஐந்து என்று உங்களிடம் சொன்னது நான். தொழிற்சாலை என்னிடம் சொன்னது ஆறு.”