விரிசல் இல்லாத கொம்பு

இலைகள் பழுக்கத் தொடங்கிவிட்டால் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன யூதத் தெருவுக்குக் கை கால் போதாது. முதலில் வருஷப் பிறப்பு. அதன் பின்னாலேயே பாவம் தீரும் உபவாசம். உபவாசம் முடிந்த கையோடு முற்றத்தில் கூடாரம் போட்டுத் தழை வேய வேண்டும். கடைசியில் தோரா என்னும் வேதச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும். தேன் ஜாடி கழுவுகிறவர்களும் பலகை தேடுகிறவர்களும் பாடிப் பார்க்கிறவர்களுமாகத் தெரு கலகலத்துக் கிடந்தது.

எல்கானா மட்டும் முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தான். கேட்டவர்களிடம் பல்வலி என்றான்.

பீப்பாய் செய்வது அவன் தொழில். வருஷப் பிறப்பன்று ஜெபாலயத்தில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவது அவன் பெருமை. தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அவன்தான் ஊதுகிறான். இப்போது தாடி நரைத்துவிட்டது. ஜெபாலயத்தின் குரு ரப்பி அசரியா வயதில் அவனுக்கு இளையவர். ஆனாலும் ஓய்வுநாள்தோறும் அவர் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்கிற மாணவன் அவன்.

பண்டிகைக்கு முந்தின மாதம் முழுக்கக் காலைத் தொழுகையில் கொம்பு ஊதுவது வழக்கம். சில நாளாக அந்தச் சத்தம் இல்லை. ஒரு காலையில் எல்கானா கொம்பைத் துணியில் சுற்றி ரப்பியின் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

“கொம்பில் விரிசல் விழுந்துவிட்டது, ரப்பி. செல்லாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.”

விரிந்த கொம்பை ஊதக் கூடாது என்பது சட்டம். பக்கத்து ஊரிலிருந்து வேறு கொம்பும், கூடவே அதை ஊதுகிற ஆளும் வரட்டும் என்று அவனே வழியும் சொன்னான்.

ரப்பி கொம்பை வாங்கினார். குறுகிய முனையைக் கட்டைவிரலால் அடைத்தார். அகன்ற வாய் ததும்பும்வரை தண்ணீர் ஊற்றினார். உபவாச நாளுக்கென்று வெளுத்து மடித்து வைத்திருந்த தன் வெள்ளை அங்கிக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கியில் ஒரு சொட்டு விழவில்லை.

ரப்பி தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே கொட்டினார். தேநீர் ஊற்றி அவன் முன்னால் வைத்தார்.

தேநீர் குடிக்கத் துண்டை அவிழ்த்தாக வேண்டும். எல்கானா அவிழ்த்தான். குடித்தான். வலது கடைவாய் வழியாகத் தேநீர் வழிந்து தாடியில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. ரப்பி குவளையை மறுபடியும் நிரப்பினார்.

“விரிசல் கொம்பில் இல்லை, ரப்பி” என்றான் எல்கானா.

பிறகு எல்லாம் வந்தது. ஒருநாள் எழுந்தபோது முகத்தின் வலப்பக்கம் செத்துக் கிடந்ததாம். வைத்தியர் முகவாதம் என்றார். போனாலும் போகும், போகாமல் நின்றாலும் நிற்கும் என்றார். தினமும் பீப்பாய்க்குள் தலையை விட்டு யாருக்கும் கேட்காமல் ஊதிப் பார்த்திருக்கிறான். வெறும் காற்றுதான் வந்தது. உங்களுக்குப் பாதி, சட்டைக்குப் பாதி என்றுதான் சூப்பு ஊற்றுகிறேன் என்று மனைவி சிப்போராள் சொல்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவனுக்கே பாதி முகத்தில் சிரிப்பு வந்தது.

“மனாசே இருக்கிறாரே” என்றார் ரப்பி.

மீன் விற்கிற மனாசே. எனக்கும் ஊதத் தெரியும் என்று வருஷா வருஷம் சொல்கிறவன். மனாசே ஊதினால் அந்த ஆடு சாகும்போது கத்தினதுதான் கேட்கும் என்று எல்கானாவும் வருஷா வருஷம் தெருவைச் சிரிக்க வைத்திருக்கிறான்.

எல்கானா குவளையைக் கீழே வைத்தான்.

“கொடுத்துவிடலாம், ரப்பி. கொடுத்தபின் அன்றைக்கு ஜெபாலயத்தில் எனக்கு என்ன வேலை?”

“என் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.”

“நின்று?”

“அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.”

எல்கானா துண்டைக் கட்டாமலே தெருவில் நடந்தான். மனாசே கொம்பைப் பார்த்ததும் வாங்க மாட்டேன் என்றான். கேலிக்குச் சொன்னதையெல்லாம் நிஜமாக எடுத்துக்கொள்வீர்களா என்றான். அப்புறம் செதில் போக முழங்கைவரை கழுவிவிட்டு, பச்சைப் பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினான். அடுத்த காலைகளில் இருவரும் ஆற்றங்கரையில் நின்றார்கள். எல்கானாவால் வாயால் ஊதிக் காட்ட முடியவில்லை. நீளச் சத்தம், உடைந்த சத்தம், விம்முகிற சத்தம் மூன்றையும் கையை அசைத்தே சொல்லிக்கொடுத்தான். நாரைகள் பறந்துபோயின. உங்கள் சத்தத்துக்கு இதுகள் பறக்காமல் இருந்தன என்று மனாசே குறைப்பட்டுக்கொண்டான்.

அந்த நாட்களில் எல்கானா நன்றாகத் தூங்கினான்.

வருஷப் பிறப்பு வந்தது. ஜெபாலயம் நிறைந்தது. எல்கானா ரப்பியின் பக்கத்தில், வைக்க இடம் தெரியாத இரண்டு கைகளோடு நின்றான். மனாசே மேடையேறினான். கொம்பைத் தூக்குமுன் சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தை, பயத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான்.

கொம்பின் ஓசையைச் செவியால் கேட்கும்படி எங்களுக்குக் கட்டளையிட்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்.

ஆமென் என்றது சபை. எல்கானா சட்டென்று ரப்பியின் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான். ரப்பி வேண்டாமென்று தலையை அசைத்தார். ஆசீர்வாதம் சொன்னபின் கொம்பு ஓயும்வரை யாரும் பேசக் கூடாது.

முதலில் ஒரு தும்மல்போல வந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மறுபடி வந்தது. இந்தத் தடவை நின்றது. கரகரப்பாக, கோணலாக, ஆனால் நீளமாக நின்றது. எல்கானா கண்ணை மூடினான். வலது கண் மூடவில்லை. அதிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் துடைக்கவில்லை.

தொழுகை முடிந்து எல்லோரும் ஆப்பிளும் தேனும் சாப்பிட வீட்டுக்குப் போனார்கள். ரப்பியும் எல்கானாவும் பழுத்த இலைகளை மிதித்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள்.

“மனாசே மோசமாகத்தான் ஊதினார்” என்றான் எல்கானா.

“மகா மோசம்.”

“ஆனால் ரப்பி, நான் ஊதும்போது என் மூச்சுதான் எனக்குக் கேட்கும். அடுத்த சத்தம் வருமா, ஊர் என்ன சொல்லும், அவ்வளவுதான். கொம்பை இன்றைக்குத்தான் கேட்டேன்.”

எல்கானா இரண்டு எட்டு வைத்துவிட்டுத் தொடர்ந்தான்.

“கேட்கும்படிதான் கட்டளை. ஊதும்படி என்று அதில் எங்கேயும் இல்லை.”

“இல்லை.”

“இத்தனை வருஷம் நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன். அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுக் கொம்பைத் தூக்கியிருக்கிறேன். நீங்களாவது ஒரு தடவை என்னை நிறுத்திச் சொல்லியிருக்கலாமே.”

ரப்பி அசரியா நின்றார்.

“சொல்லியிருக்கலாம், எல்கானா. ஆனால் நீங்கள் அவ்வளவு அருமையாக ஊதினீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன்.”