ஆறு சந்தையும் ஒரு கொசுறும்

வேப்பங்குழியிலும் காலண்டர் உண்டு. டீக்கடைச் சுவரில் ஒன்பது வருடமாகத் தொங்குகிறது. படத்தில் இருக்கும் முருகனுக்கு இன்னும் வயதாகவில்லை என்பதால் அதை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாள் கணக்குக்கு அவர்களுக்குச் சந்தை போதும். செவ்வாய்க்கிழமை சந்தை கூடிக் கலைந்தால் ஒரு வாரம் முடிந்தது.

தவசிக்குக் கீழத்தோப்பில் பெண் நிச்சயமானபோது, பெண்ணின் அப்பா உடையப்பன் இது தெரிந்துதான் பேசினார்.

"இன்னையிலேருந்து ஆறு சந்தை கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அன்னைக்கு மாப்பிள்ளை வரலேன்னா பொண்ணு கிடையாது. காரையூர் மில்லுக்காரர் மூணு தடவை ஆளனுப்பிட்டார்."

இது எதுவும் தவசியின் காதில் விழவில்லை. மணப்பெண் வெள்ளைத்தாயி கொடுத்த தண்ணீர்ச் சொம்பைக் காலில் போட்டுக்கொண்டு, அவள் சிரித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவனுடைய அம்மா பேச்சி ஆறு புளியங்கொட்டைகளைச் சிரட்டையில் போட்டு வைத்தாள். ஒரு சந்தைக்கு ஒரு கொட்டையை வெளியே எடுத்து வைப்பது என்று ஏற்பாடு.

முதல் செவ்வாய் சந்தை கூடியது. ஒரு கொட்டை போனது. இரண்டாம் செவ்வாய் மழை பிடித்துக்கொண்டது. வியாபாரிகள் வரவில்லை. பேச்சியும் தவசியும் சித்தப்பா அம்மாசியும் பக்கத்து வீட்டுக் கொண்டையனும் சிரட்டையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"கொட்டையை எடுக்கலாமா?" என்றாள் பேச்சி.

"சந்தை கூடாம எப்படி மதினி எடுக்குறது? வாரம் இன்னும் முடியலையே," என்றார் அம்மாசி.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் போன வாரம்தான்."

கொண்டையன் யோசித்துப் பார்த்தார். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. காலையிலேருந்து எல்லாம் பழசாவே இருக்கு."

தவசி சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சித்தப்பா, நம்ம வாரம் நின்னு போச்சுன்னா மில்லுக்காரன் வாரமும் நிக்குமா? காரையூர்ச் சந்தைக்குக் கூரை போட்டிருக்காங்களே!"

இது யாரும் நினைத்துப் பார்க்காத ஆபத்து. காரையூரில் மழை பெய்தாலும் வாரம் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் அம்மாசிதான் வழி சொன்னார். வியாபாரிகள் வராவிட்டால் என்ன, சந்தையை நாமே கூட்டிவிடலாம்.

நால்வரும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சந்தைத் திடலுக்குப் போனார்கள். பேச்சி நாலு கத்தரிக்காயைப் பரப்பினாள். அம்மாசி ஒரு பழைய அரிவாளை வைத்தார். கொண்டையன் தன் சேவலைக் கொண்டுவந்திருந்தார். தவசி கூட்டமாக இருந்தான்.

"கத்தரிக்காய் முத்தலா இருக்கே மதினி."

"உம்ம அரிவாளுக்கு இது போதும்யா."

பேரம் முடிந்து எல்லாம் கைமாறியது. பேச்சி ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டாள். கொசுறு இல்லாமல் அவள் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை. அரைமணி நேரத்தில் சந்தை கலைந்தது. இரண்டாவது கொட்டையும் போனது.

தவசி சிரட்டையைப் பார்த்தான். பிறகு சித்தப்பாவைப் பார்த்தான்.

"இன்னொண்ணு கூட்டினா?"

"கூட்டுவோமே. நமக்கென்ன வேலையா கெடக்கு?"

சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு சந்தை கூடிக் கலைந்தது. கடைசிச் சந்தையில் சேவல் யாரும் சொல்லாமலே எழுந்து வாங்குகிறவர் பக்கம் போய் நின்றது. சிரட்டை காலியாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மேளதாளத்தோடும் சீர்த்தட்டோடும் கீழத்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உடையப்பன் இடுப்பில் துண்டோடு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி, காலையிலேயே?"

"முகூர்த்தத்துக்குத்தான்," என்றார் அம்மாசி.

"இன்னும் நாலு சந்தை கெடக்கேய்யா!"

"நாங்க முடிச்சிட்டோம் சம்பந்தி. உங்க பக்கம் கொஞ்சம் மெதுவா நடக்குது போலிருக்கு."

மழை, கூரை, சேவல் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார்கள். உடையப்பன் வாயைக் கொப்பளிக்கக்கூட மறந்து கேட்டார். அப்போதாவது அவர் வார்த்தையை அளந்து பேசியிருக்கலாம்.

"எண்ணின சந்தையையெல்லாம் திருப்பி எடுத்துட்டு, நிச்சயம் பண்ணின நாள்லேருந்து ஒழுங்கா எண்ணுங்கய்யா," என்றார்.

அன்றைக்கே திடலுக்குப் போய்த் திருப்பி எடுத்தார்கள். வாங்கினவர் பொருளை நீட்ட, விற்றவர் வாங்கிக்கொண்டார். சேவலைப் பின்பக்கமாக நடத்திக் கொண்டுவர முயன்றார்கள், அது ஒத்துழைக்கவில்லை. ஒவ்வொரு சந்தையாக ஆறும் திரும்பி வந்தன. ஆறு கொட்டைகளும் சிரட்டைக்குள் விழுந்தன. பேச்சி கைப்பழக்கத்தில் இன்னொரு கொட்டையைக் கொசுறாகப் போட்டுவிட்டாள்.

அம்மாசி ஏழையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மதினி, என்ன காரியம் பண்ணீங்க! ஆறு எடுத்தா நிச்சயதார்த்தத்துல வந்து நிக்கிறோம். ஏழு எடுத்தா?"

"அதுக்கு முந்தின வாரம்," என்றார் கொண்டையன்.

"அப்ப?"

"அப்ப தவசிக்கு இன்னும் பொண்ணே பார்க்கல."

தவசி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பேச்சிக்குப் பொறுக்கவில்லை. "அழாதடா. கீழத்தோப்புல ஒரு பொண்ணு இருக்காம். நாளைக்கே போய்க் கேட்போம்."

மறுநாள் வெற்றிலைத் தட்டோடு போனார்கள். வெள்ளைத்தாயி தண்ணீர் கொண்டுவந்தாள். தவசிக்குக் காது சிவந்தது. "பொண்ணைப் பிடிச்சிருக்கு சித்தப்பா. எங்கயோ பார்த்த முகமாவும் இருக்கு," என்று கிசுகிசுத்தான்.

"சொம்பைக் கெட்டியாப் பிடிங்க. போன தடவை மாதிரி கால்ல போட்டுக்கப் போறீங்க," என்றாள் அவள்.

"அது வேற யாராவது இருக்கும் தாயி," என்றார் அம்மாசி மரியாதையாக.

உடையப்பனுக்குக் குரல் உயர்ந்தது. "யோவ்! என் பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருச்சுய்யா!"

"யாரு கூட?"

"வேப்பங்குழி தவசி கூட! இன்னும் நாலு சந்தை கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம்!"

தவசியின் முகம் செத்துப்போனது. அம்மாசி தாடையைத் தடவினார்.

"அந்த ஊருக்கா குடுக்குறீங்க? நல்லா விசாரிச்சீங்களா ஐயா? அவனுக நாள் எண்ணத் தெரியாத பயலுகளாச்சே."

தவசி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டான். "அன்னைக்கு அந்தத் தவசி வரலேன்னா?"

"வரலேன்னா யாருக்குக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்," என்று காரையூர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு உடையப்பன் கதவைச் சாத்தினார்.

வழிநெடுக தவசி அந்த வார்த்தையையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான்.

இந்த முறை கணக்குத் தப்பவில்லை. சிரட்டையில் புதிதாக நாலு கொட்டை போட்டார்கள். நாலு செவ்வாயும் வெயிலடித்தது. நாலு சந்தையும் முறையாகக் கூடியது. பேச்சி கையை முந்தானையில் முடிந்துகொண்டு கொசுறு போடாமல் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே தவசி ஒரு கம்பை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைப் பாலத்தில் போய் நின்றான். கீழத்தோப்புக்குப் போக வேறு பாதை கிடையாது. அந்தத் தவசி இதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

வெயில் ஏறியது. தூரத்தில் கீழத்தோப்புப் பக்கம் கெட்டிமேளம் கேட்டது.

பேச்சி கூழ் கொண்டுவந்தாள். "வந்தானாடா?"

"வரலம்மா. நான் நிக்கிறது தெரிஞ்சு வீட்டை விட்டே வெளிய வரல." கூழை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மேளத்தைக் காது கொடுத்துக் கேட்டான். "மாப்பிள்ளை வராத கல்யாணத்துக்கே இம்புட்டு மேளம்னா, நமக்கு எப்படி அடிப்பாங்க!"

பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்தாலும் அந்தத் தவசியைப் பெத்தவளை நெனச்சாத்தான்டா பாவமா இருக்கு."