குச்சி நட்ட களம்

ஏழு கடலுக்கு வடக்க, பனி கொட்டுற ஒரு சீமையில ஓர்ம்னு ஒரு ராசா இருந்தானாம். அவனுக்கு ரூனான்னு ஒரே தங்கச்சி. தாயில்லாப் புள்ளன்னு தோள்ல தூக்கி வளத்து, கெட்டில்ங்கிற தலைவனுக்குக் கட்டிக் குடுத்தான். கெட்டில் வசம் ஒரு கடல்வாய் இருந்துச்சு. கப்பலெல்லாம் அதுக்குள்ள நொழஞ்சுதான் போகணும், அதப் புடிச்சவன்கிட்ட வடக்கத்தி ராசாக்க அத்தன பேரும் கைகட்டி நிக்கணும். ஓர்முக்கு அது மேல கண்ணு.

ஆனா “எனக்குக் கடல்வாய் வேணும், வந்து சாவுங்க”ன்னா எந்தக் குடியானவன் வருவான், சொல்லுங்க? அதனால அந்தப் பாவி, “என் தங்கச்சிய கெட்டில் அடிச்சுக் கொடும பண்றான், நம்ம மானம் போச்சு”ன்னு ஊரூரா ஆள் விட்டான். சனங்க கொதிச்சுப்போயி கோடாலியோட கப்பல் ஏறிருச்சுங்க.

அந்தச் சீமையில ஒரு வழக்கம். களத்தச் சுத்திக் குச்சி நட்டு, படையெடுத்து வந்தவன் உள்ள நின்னு, எதுக்கு வந்தேன்னு மூணு தடவ சொல்லணும். மூணாந்தடவ சொல்லிட்டா திரும்ப முடியாது. சொன்னது பொய்னா, படை வெளிய நின்னுக்கும், அவன் எதிராளியோட ஒத்தைக்கு ஒத்தையா சண்டை போட்டுத் தீக்கணும். பொம்பள எங்க களத்துக்கு வரப்போறான்னு ஓர்முக்குத் தைரியம்.

ரூனா வந்துட்டா. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருசன், யாரு செத்தாலும் அவளுக்குத்தான் போச்சு.

“என் தங்கச்சிக்காக வந்தேன்”னான் ஓர்ம்.

“அண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன், வீட்டுக்குச் சாப்புட வா”ன்னா.

“என் தங்கச்சிக்காக வந்தேன்”னான் ரெண்டாந்தடவ.

“என் மேல ஒரு காயம் இருக்கா, பாரு”ன்னு ரெண்டு கையையும் நீட்டிக் காட்டினா. படை முணுமுணுத்துச்சு.

அப்புறம் கிட்ட போயி, “மூணாவது சொல்லாத அண்ணே, கடல்வாய்க்குத்தான் வந்தேன்னு உள்ளதச் சொல்லிட்டுப் போயிரு”ன்னு கெஞ்சினா. ஓர்ம் படையப் பாத்தான். அத்தன பேரு முன்னால பொய்யன்னு ஒத்துக்க அவனுக்கு மனசு வரல, மூணாந்தடவையும் அதையே சொன்னான்.

படை கேடயத்தக் கீழ வச்சுட்டு விலகிருச்சு. கெட்டில் உள்ள போனான். கொஞ்ச நேரந்தான், ஓர்ம் விழுந்துட்டான்.

ரூனா அண்ணன் தலைய மடியில வச்சுக்கிட்டு, “என்கிட்ட கேட்டிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேனே அண்ணே”ன்னு அழுதா. அவனப் பொதைக்க ஒருத்தனும் வரல, அவதான் குழி தோண்டினா.

மானம் போச்சுன்னு எவனாச்சும் சண்டைக்குக் கூப்பிட்டா, உனக்கு என்ன வேணும்னு மொதல்ல கேளுங்கடா. கத கரையேறிருச்சு, கண்ண மூடுங்க.