அண்ணாச்சி நோட்டுப்படி ஏழு ஏரி

கோமதிநாயகம் குடும்பத்துக்கு அறிவு குறைவு என்று ஊரில் சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களை முட்டாள்கள் என்று எப்படிச் சொல்வது? தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து இருபது வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறவர் அவர். படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டார். 'முந்தைய கணவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தால், முந்தைய கணவர் இல்லாத அம்மாளிடமும் ஒரு பெயரைக் கேட்டு வாங்காமல் விடமாட்டார்.

அவர் மனைவி ஆவுடையம்மாளுக்கு ஒரு அக்கா, உலகம்மை. அக்காவுக்குத்தான் எல்லாம் முதலில். முதலில் கல்யாணம், முதலில் கேஸ் அடுப்பு, முதலில் சர்க்கரை வியாதி. போன மாசம் ஆவுடையம்மாளுக்குச் சர்க்கரை இல்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

இந்த லட்சணத்தில், போன கோடைக்கு முந்தின கோடையில் அக்கா குடும்பம் ஏழேரி மலைக்குப் போய்விட்டு வந்தது. மேலே ஏழு ஏரி, படகு, குளிர்காற்று. வருஷம் பூராவும் அக்கா வீட்டில் அதே பேச்சு.

"அவளுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவளுக்கு நடந்தது பூராவும் நமக்கும் நடக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?" என்று ஆவுடையம்மாள் அழுதே விட்டாள்.

அக்கா புருஷன் திருமலையப்பன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததையெல்லாம் மணி, நிமிஷத்தோடு நோட்டில் எழுதி வைப்பவர். நோட்டைத் தூக்கிக் கோமதிநாயகத்திடம் கொடுத்தார்.

"தம்பி, இதுல இருக்கதை ஒண்ணு விடாம அப்படியே செய்யிங்க. ஒண்ணு விட்டாலும் போய்ட்டு வந்ததுக்கு அர்த்தமே இல்ல."

"கட்டளை அண்ணாச்சி," என்று கோமதிநாயகம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நோட்டும் ஒரு சிவப்புப் பேனாவும் மகள் செண்பகவல்லியின் பொறுப்பு. பத்தாம் வகுப்புக்குப் போகிறவள். பாடத்தை ஒரு கமா மாறாமல் ஒப்பிக்கிறவள். வேன் ஓட்டக் கோமதிநாயகத்தின் தம்பி பூதப்பாண்டி வந்தான். அடுத்த மே மாசம், நோட்டில் இருந்த அதே தேதியில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் நாலு பேரும் கிளம்பினார்கள்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் செண்பகவல்லி, "சித்தப்பா, நிப்பாட்டுங்க," என்றாள். நோட்டைப் படித்தாள்: "மணி ஏழு பத்து. பின் டயர் பஞ்சர். ஒரு மணி நேரம் ரோட்டில் நின்றோம். புளியோதரை சாப்பிட்டோம்."

எல்லோரும் இறங்கி டயரைப் பார்த்தார்கள். டயர் கல்லு மாதிரி இருந்தது.

"புது டயரா மாட்டிட்டேன் மைனி. மன்னிச்சிக்கிடுங்க," என்றான் பூதப்பாண்டி அண்ணியிடம்.

"மணி ஏழு எட்டுதானே ஆவுது? ரெண்டு நிமிசம் பாப்போம்," என்றார் கோமதிநாயகம்.

ஏழு பத்து ஆயிற்று. டயரில் ஒரு மாற்றமும் இல்லை. பூதப்பாண்டி கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்தினான்.

"பஞ்சரா? ஒட்டணுமா?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"ஒட்டுததுக்கு எங்ககிட்ட இருக்கு அண்ணாச்சி. குத்துததுக்குத்தான் ஆணி இல்ல."

லாரிக்காரர் நாலு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ஆணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, மலைப்பாதையில் போகக் கூடாத வேகத்தில் போய்விட்டார். அதன் பிறகு ஒரு மணி நேரம் ரோட்டில் நின்று புளியோதரை சாப்பிட்டார்கள். செண்பகவல்லி சிவப்பில் ஒரு டிக் போட்டாள்.

இரண்டாவது ஏரிக்கரையில் குரங்கு வாழைப்பழச் சீப்பைப் பறித்துக்கொண்டு ஓடியதாக நோட்டில் இருந்தது. குரங்கு இருந்தது. ஆனால் அதற்கு முன்பு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வயிறு முட்டக் கொடுத்திருந்ததால் அது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பூதப்பாண்டி பழச் சீப்பை அதன் மடியிலேயே வைத்துப் பார்த்தான். அது தள்ளிவிட்டது. வேறு பக்கம் பார்க்கிற மாதிரி நடித்தான். குரங்கு எட்டி அவன் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டது.

"பறிச்சிட்டுல்லா? டிக் போடு," என்றாள் ஆவுடையம்மாள்.

"கண்ணாடின்னு எழுதலையேம்மா," என்றாள் செண்பகவல்லி.

கோமதிநாயகம் குரங்கின் முன்னால் கைகட்டி நின்று, தங்கள் நிலைமையை முதலில் இருந்து விளக்கினார். முக்கால் மணி நேரம் கழித்து, அந்தப் பேச்சு நின்றால் போதும் என்றோ என்னவோ, குரங்கு பழச் சீப்பையும் எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கண்ணாடியைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்ததாக நோட்டில் இல்லை.

நாலாவது ஏரியில்தான் உண்மையான சிக்கல் வந்தது. படகு நடு ஏரிக்குப் போனதும் செண்பகவல்லி படித்தாள்: "மணி பதினொன்று இருபது. குடும்பத் தலைவர் போட்டோ எடுக்க எழுந்து தண்ணீரில் விழுந்தார். படகுக்காரர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்."

எல்லோரும் கோமதிநாயகத்தின் தலையைப் பார்த்தார்கள். அதில் பத்து வருஷமாக ஒன்றும் இல்லை.

"எனக்கு முடி இருக்கு. நான் விழுதேன்," என்றான் பூதப்பாண்டி.

"நீ குடும்பத் தலைவர் இல்லையேப்பா," என்றார் கோமதிநாயகம்.

"விக்கு வாங்கிட்டு நாளைக்கு வருவோமா?" என்றாள் ஆவுடையம்மாள்.

"நாளைக்குன்னா தேதி மாறிரும்," என்றாள் செண்பகவல்லி.

படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, "என்ன பேசுறீங்க? இங்க முப்பதடி ஆழம் சார்!" என்று அலறினார்.

அதற்குள் முடிவாகிவிட்டது. தலைவர் என்ற வகையில் கோமதிநாயகமும், முடி என்ற வகையில் பூதப்பாண்டியும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். படகுக்காரர் பதறிப்போய்க் கோமதிநாயகத்தின் கையைப் பிடிக்க, அவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, "என்னை இல்ல, அவன் முடியைப் பிடிங்க!" என்று கத்தினார். பாதுகாப்பு உடை போட்டிருந்ததால் பிழைத்தார்கள். கரைக்கு வந்ததும் படகுக்காரர் அன்றைக்கு வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் ஓட்டலில் மீன் சாப்பாடு ஒரு மணி நேரம் வரவில்லை என்று நோட்டில் இருந்தது. இவர்களுக்குப் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆவுடையம்மாள் முதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தாள். அவர் மன்னிப்புக் கேட்டுச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போய், ஒரு மணி நேரம் ஆறவைத்துக் கொண்டுவந்தார்.

ஏழாவது ஏரியை நினைத்தால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்த மலைக்குப் போகிறவர்கள் அதற்காகத்தான் போவார்கள். அன்றைக்கு மேகம் துளி இல்லை. எதிர்மலை தலைகீழாகத் தண்ணீரில் தெரிந்தது, கரை பூராவும் ஊதாப் பூ. நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: "மழை, பனிமூட்டம். ஏரி தெரியவில்லை. பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினோம்."

நாலு பேரும் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்துப் பத்து நிமிஷம் நின்றார்கள். கோமதிநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டுக்கூட நின்றார். பக்கத்தில் நின்ற வடநாட்டுக்காரர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து அவர்களும் ஒரு கும்பிடு போட்டார்கள்.

"அக்காவுக்கும் தெரியலை. எனக்கும் தெரியலை," என்று ஆவுடையம்மாள் நிறைந்த மனசோடு வேனில் ஏறினாள்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் செண்பகவல்லி கடைசிப் பக்கத்தைப் படித்தாள்: "வீட்டுக்கு வந்தால் பூட்டு உடைந்து கிடந்தது. பித்தளை அண்டாவும் மிக்சியும் திருட்டுப் போய்விட்டன. போலீசில் புகார் கொடுத்தோம்."

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. உள்ளே அண்டா இருந்தது. மிக்சி இருந்தது. ஆவுடையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ வீட்டுக்குன்னா திருடன் வருவான். நம்ம வீட்டையெல்லாம் அவன் மதிப்பானா? எல்லாம் சரியா வந்து கடைசியில கவுத்திட்டானே!"

கோமதிநாயகம் மனைவியின் கண்ணீரைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். இருபது வருஷ அனுபவத்தையும் திரட்டி ஒரு மனு எழுதினார். நாலு பேரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"என்ன காணாமப் போச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணும் போகலை ஐயா. அதான் புகார்."

இன்ஸ்பெக்டர் மனுவை இரண்டு தடவை படித்தார். அந்த மாசம் ஒரு திருட்டைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்று மேலிடத்தில் அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த நேரம்.

"அண்டா இப்ப எங்க இருக்கு?"

"அடுக்களையில ஐயா."

"மிக்சி?"

"அதுவும் அங்கதான்."

"அப்படின்னா துப்புத் துலங்கிருச்சு!" என்று மேஜையைத் தட்டினார் இன்ஸ்பெக்டர்.

அரை மணியில் ஜீப் வந்தது. நாலு போலீஸ்காரர்கள் அண்டாவையும் மிக்சியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. மேஜைமேல் அண்டா, மிக்சி. பின்னால் இன்ஸ்பெக்டரும் அந்த நாலு போலீஸ்காரர்களும். 'புகார் கொடுத்த அரை மணி நேரத்தில் பொருட்கள் மீட்பு. திருடன் தலைமறைவு' என்று போட்டிருந்தார்கள். மீட்ட பொருளைச் சட்டப்படி கோர்ட்டில் அல்லவா ஒப்படைக்க வேண்டும்? ஒப்படைத்தார்கள். எட்டு மாசமாக வாய்தாமேல் வாய்தா. திருடன் கிடைக்காமல் வழக்கு முடியாதாம். ஆவுடையம்மாள் சட்னியை அம்மியில் அரைக்கிறாள்.

பேப்பரில் படம் வந்த வாரமே துக்கம் விசாரிக்க உலகம்மை வந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். வெறும் அடுக்களையை எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சிறுத்துப் போயிற்று.

"எங்க வீட்டுக்கு ஒரு பய நடந்து வந்து தூக்கிட்டுப் போனான். உங்க வீட்டுக்கு ஜீப்புல்லா வந்திருக்கு! பேப்பர்ல வேற போட்டிருக்கான்," என்றாள்.

பிறந்ததில் இருந்து முதல் தடவையாக ஆவுடையம்மாள் அக்காவைவிட ஒரு படி மேலே நின்றாள். அக்காவுக்குக் காப்பியை அந்தப் பேப்பர் படத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை உலகம்மை தன் வீட்டுக் கிரைண்டரைப் பளபளவென்று துடைத்து, ஜீப்பில் ஏற்றத் தோதாக வாசலில் வைத்தாள். பிறகு அது இன்னும் திருட்டுப் போகவில்லை என்று மனு எழுதி வாங்க, தாலுகா ஆபீஸ் வாசலுக்குக் கோமதிநாயகத்தைத் தேடிப் போனாள்.