மீசை எடுத்த புலி

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் இந்தக் காலத்தில் எவன் இருக்கிறான் என்று அலுத்துக்கொள்கிறவர்கள், ஒரு தடவை மொடக்காட்டுப்புதூருக்கு வந்து செங்கோடனைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அப்புறம் அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

செங்கோடன் அங்கே மரப்பட்டறை வைத்திருந்தார். கூட இரண்டு பேர்: மச்சினன் மாரப்பன், வயதில் மூத்த குப்பண்ணன். மூவரும் சேர்ந்து ஒரு சி.என்.சி. மெஷின் வாங்கினார்கள். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டால் மெஷினே பலகையில் செதுக்கிவிடும், ஆள் மூளையைச் செலவழிக்க வேண்டியதில்லை என்று விற்றவர்கள் சொன்னார்கள். அந்தக் கடைசி வார்த்தை செங்கோடனுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

முதல் வேலை, மலையடிவாரத்தில் சுலோசனா அம்மாள் கட்டிய விடுதிக்கு. விடுதிக்காக இருநூறு மரத்தை வெட்டியிருந்தார்கள். மரம் போனதும் மிருகங்களும் போய்விட்டன. வருகிற விருந்தாளிக்குக் காட்ட மிருகம் வேண்டுமே? அதனால் சுவரில் மாட்ட ஒரு யானை, ஒரு புலி.

“எங்கப்பா வீட்டுக் கதவுப் பலகைங்க,” என்று இரண்டு தேக்குப் பலகையைக் கொடுத்தார் அம்மாள். “அவர் ஞாபகமா இந்த ரெண்டுதான் மிச்சம். வெள்ளிக்கெழமை திறப்பு விழா. கெடுத்துராதீங்க.”

“கெடுக்க மாட்டமுங்க,” என்றார் செங்கோடன். கெடுக்கும் எண்ணம் நிஜமாகவே அவருக்கு இல்லை.

மெஷின் கம்பெனி ஆள் தீனதயாளன் போனில் வழி சொன்னான். “காலையில ஆன் பண்ணினதும் மொதல்ல மெஷினை ஹோமுக்கு அனுப்பிருங்க. அப்புறந்தான் வேலை.”

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

“ஹோமுன்னா வீடு,” என்றார் செங்கோடன்.

“யாரூட்டுக்கு மச்சான்?” என்றான் மாரப்பன்.

“அதோட வீடு கோயமுத்தூரு. தெனமும் அவ்வளவு தூரம் போயிட்டு வந்தா அதுக்கும் அலுப்பாயிரும்,” என்றார் குப்பண்ணன். “மொதலாளி வீட்டுக்குப் போனாப் போதும் தம்பி.”

டெம்போ வந்தது. எட்டுப் பேர் பிடித்துத் தூக்கினார்கள். செங்கோடன் வீட்டுக் கதவு நிலையைப் பெயர்த்து மெஷினை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் மனைவி பூவாத்தாள் இடுப்பில் கை வைத்து, “இதென்ன கூத்து?” என்றாள்.

“சும்மா தலையைக் காட்டிட்டுப் போயிரும். நீ சமையலைப் பாரு.”

மூன்று நாள் இப்படியே போயிற்று. காலையில் வீடு, சாயங்காலம் பட்டறை. நான்காம் நாள்தான் தீனதயாளன் தலையில் அடித்துக்கொண்டு, அதற்கொரு பொத்தான் இருப்பதைச் சொன்னான். அழுத்தினார்கள். வெட்டுகிற தலை நகர்ந்து மேசையின் ஓர் ஓரத்தில் போய் நின்றது.

“அந்த மூலைதான் அதுக்கு வீடாம்,” என்றார் குப்பண்ணன். “பாவம், சன்னலு கூட இல்லை.”

யானையை ஆரம்பித்தார்கள். “பலகை அசையவே கூடாது, கெட்டியாப் புடிச்சிருக்கோணும்” என்பது அடுத்த உத்தரவு. மாரப்பனும் குப்பண்ணனும் பலகை மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள்.

“கத்தி பக்கத்துல வந்தா?” என்றார் செங்கோடன்.

“எந்திரிச்சுக்குவோம்.”

“போனதும்?”

“படுத்துக்குவோம்.”

ஆறு மணி நேரம் எழுந்தார்கள், படுத்தார்கள். மாரப்பன் வேட்டியில் பாதியை மெஷின் கொண்டுபோயிற்று. யானைக்கு இரண்டு துதிக்கையும் ஏழு காலும் அமைந்தன. வால் காதிலிருந்து தொங்கியது. செங்கோடன் அம்மாள் முகத்தை நினைத்துக்கொண்டு யானையின் கால்களை மறுபடி எண்ணினார்.

“எதுக்குத் தம்பி வெசனம்? ஒரு யானைதான் கேட்டாங்க, ஒண்ணரையாக் குடுக்கறோம்,” என்றார் குப்பண்ணன். செங்கோடன் எண்ணுவதை நிறுத்தினார்.

வியாழக்கிழமை புலி. யாரும் பலகை மேல் படுக்கக் கூடாது, இரும்புப் பிடி போட்டு முடுக்க வேண்டும் என்று தீனதயாளன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். முடுக்கினார்கள். “இன்னொண்ணுங்க. படத்தை மெஷினுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி மறக்காம சேவ் பண்ணிருங்க. பண்ணலீன்னா அத்தனையும் பாழ்!”

போனை வைத்ததும் மூவரும் மறுபடி கூடி உட்கார்ந்தார்கள்.

“புலிக்குச் சேவிங்கா?” என்றான் மாரப்பன்.

“விழாவுக்குப் போகுதில்ல மாப்ள? நாமளே சேவ் பண்ணாமப் போவமா?”

“மீசை மட்டுமா, தாடியுமா?”

“மழுங்க எடுத்துருங்க,” என்றார் குப்பண்ணன். “கிருதாவை மட்டும் விட்டுருங்க. மூஞ்சிக்கு எடுப்பா இருக்கும்.”

செங்கோடன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முடியாகப் பார்த்து அழித்தார். செதுக்கி வந்த புலி, பெண் பார்க்கப் புறப்பட்ட தாசில்தார் மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை. விடுதி வாசலில் ரிப்பன் கட்டி, வெளியே இருநூறு பேர் காத்திருந்தார்கள். சாத்திய கதவுக்கு உள்ளே, கூடத்தில், அம்மாள் யானையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு புலியைப் பார்த்தார்.

“இது யாரு?”

“புலிங்க.”

“மீசை எங்க?”

“சேவ் பண்ணிட்டமுங்க.”

அம்மாள் அப்பாவின் பலகையைத் தடவிப் பார்த்தார். “இதை என் கண்ணுல படாத எடத்துல மாட்டித் தொலைங்க!”

அப்படிப்பட்ட இடம் எது? செங்கோடன் நெடுநேரம் யோசித்து, “அவங்க முதுகுக்குப் பின்னாடி,” என்றார். மாரப்பனும் குப்பண்ணனும் புலியைத் தூக்கிக்கொண்டு அம்மாளின் பின்னால் போய் நின்றார்கள். அவர் திரும்பினார். அவர்கள் சுற்றி ஓடினார்கள். மறுபடி திரும்பினார். மறுபடி ஓடினார்கள். நாலாவது சுற்றில் அம்மாளுக்குத் தலை கிறுகிறுத்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“மூடிட்டாங்க!” என்று கத்தினார் செங்கோடன். “இனி எங்க மாட்டினாலும் படாது!” வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில், நட்ட நடுவில், ஆறு ஆணி அடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, வெளியே ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோடு நின்ற ஊராட்சித் தலைவர் சத்தமாகக் கேட்டார்: “நல்ல நேரம் போகுதுங்க, தொறந்துரலாங்களா?”

அம்மாள் கண்ணைத் திறப்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்த செங்கோடன் பதறிப்போய்க் கதவண்டை ஓடினார். “தொறந்துராதீங்க! தொறந்தா புலி இருக்குது!”

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. பந்தல் சாய்ந்தது. இருநூறு பேரும் செருப்பை விட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினார்கள்.

செங்கோடன் சன்னல் வழியாகக் காலி வாசலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“பாத்தீங்களா அம்மா? மழுங்கச் சேவ் பண்ணியே இந்த ஓட்டம் ஓடறாங்க. மீசையோட விட்டிருந்தா எத்தனை உசுரு போயிருக்குமோ!”